புலப்படத்தைச் சூரியமின் வரைவுக் கணினியில் ஏற்றும் முறை

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களிலே புஞ்சைக் காடும் தோட்டமும் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களை நாடிச் சென்ற சில வருஷங்களாக இருவகைக் கோரிக்கைகள் வருகின்றன. ஒன்று, கிணற்று மேட்டில் சூரியவொளியால் ஓடும் பம்பு அமைப்பது பற்றியது. 2019-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்திற்குப் பிறகு இப்பேச்சு கிராமந்தோறும் பரவிற்று. மற்றொன்று, மானாவாரிக் காட்டையாவது கொறங்காட்டையாவது நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்து, அதில் மின் நிலையம் நாட்ட முன்வரும் கம்பெனியாரிடமிருந்து வருவது. பம்பாயினும் மின் நிலையமாயினும், நிலத்தில் முதல் முளை அடிக்கப்படுவதற்கு முன்னரே அந்நிலம் ஒரு கணினிக்குள் படமாகப் புகுந்துவிடுகிறது. எத்தனை தகடுகள், எவ்வளவு மின்சாரம், ஏக்கருக்கு எத்தனை ரூபாய் என்னும் கணக்கெல்லாம் அந்தப் படத்தின்மேலேயே எழுதப்படுகின்றன. 200 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்துக் கோடு 6 மீட்டர் தள்ளி விழுந்தால், 1,200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 சென்ட், ஒருவர் காட்டினின்று மற்றொருவர் காட்டுக்குப் போய்விடும். எல்லைக் கல்லைப் பெயர்த்து நட்டால் ஊர் கூடும். கணினியில் கோடு நகர்ந்தாலோ கேட்பார் இல்லை.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, நீலகிரியினின்று கம்பிகள் கொங்கு நாட்டுச் சமவெளிக்கு இறங்கிய காலத்தில், மின்சார மோட்டார் வைக்க எண்ணிய குடியானவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவை கிணற்றின் ஆழமும் மோட்டாரின் குதிரைச்சக்தியுமே. இப்பொழுது நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, சரிவு, அருகிலுள்ள மரத்தின் உயரம் ஆகியவையும் கேட்கப்படுகின்றன. இவற்றைக் கம்பெனியாரின் ஆள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது வழக்கமாகி வருகிறது. அது நல்ல வழக்கமன்று.

கணினி ஏற்றுக்கொள்ளும் படங்கள்

சூரியமின் வரைவுக்கு வழங்கும் மென்பொருள்கள் பல. சுவிட்சர்லாந்து தேசத்தில் தோன்றிய பி.வி.சிஸ்ட், ஹீலியோஸ்கோப், ஆட்டோகேடின் உள்ளேயே வேலை செய்யும் பி.வி.கேஸ் ஆகியவை பெரும்பாலும் கம்பெனியாரின் கையில் இருப்பவை. கியூ.ஜி.ஐ.எஸ். என்பது வரைவு மென்பொருளன்று. ஆனால் விலையின்றிக் கிடைப்பது. வெவ்வேறு இடத்திலிருந்து வந்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒத்துப் பார்ப்பதற்கு நிலச்சுவான்தாருக்கு அதுவே போதும். சர்வே ஆபீசுகளில் மெல்லிய துணியில் படமெடுத்து ஒன்றன்மேலொன்று வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் வழக்கம் முன்னாளில் இருந்தது. கணினியில் ‘அடுக்கு’ என்று சொல்லப்படுவது அதுவே: எல்லை ஓர் அடுக்கு, கிணறும் கட்டடமும் ஓர் அடுக்கு, மரங்கள் ஓர் அடுக்கு, மின்கம்பி ஓர் அடுக்கு, நிலமட்டம் ஓர் அடுக்கு.

இவ்வடுக்குகள் வரும் கோப்புகளின் குணம் தெரிந்திருத்தல் வேண்டும். கூகிள் எர்த்தில் கோடு கிழித்துச் சேமித்தால் கிடைப்பது கே.எம்.எல்.; அதையே சுருக்கிக் கட்டிய மூட்டை கே.எம்.ஸெட். இவ்வகை எப்பொழுதும் உலகப் பொது அளவாகிய டபிள்யு.ஜி.எஸ். 84-இல் அமைவதால் இடம் தவறுவது அரிது. ஷேப் ஃபைல் என்பது பெயரில் ஒன்றாயினும், எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப்., பி.ஆர்.ஜே. எனச் சேர்ந்து வரும் பல கோப்புகளின் கூட்டம். வாட்ஸாப்பில் முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு, படம் திறக்கவில்லை என்று இருதரப்பாரும் சலித்துக்கொள்வதைப் பல இடங்களில் காணலாம். அவற்றுள் பி.ஆர்.ஜே. என்பதே எந்த அளவு முறையில் எண்கள் எழுதப்பட்டன என்று சொல்வது. அது விடுபட்டால் கணினி ஊகம் செய்யும், அல்லது ஏற்றுபவரை ஊகிக்கச் சொல்லும். இரண்டும் ஆபத்தே. டி.எக்ஸ்.எஃப். என்னும் ஆட்டோகேட் கோப்பு பூமியில் தன் இடம் யாதென்று சொல்லாது. அதன் எண்கள் மீட்டரா அடியா என்பதும் பலமுறை தெளிவாயிராது. ஜியோடிஃப் என்பது தன் இடத்தைத் தனக்குள்ளே வைத்திருக்கும் நிழற்படம். அதைத் திரையிலிருந்து பிடித்துச் சாதாரணப் புகைப்படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுபோகும். எஞ்சுவது வெறும் காட்சியே.

புலப்படத்தின் தன்மை

நம் நாட்டில் எல்லைக்கு ஆதாரமானது சர்வே இலாகாவின் புலப்படமும், அதன்படி நடப்பட்ட கல்லுமே. 1923-ஆம் வருஷத்து சர்வே எல்லைச் சட்டம் இன்றும் இவ்விஷயத்தில் அடிப்படையாயிருப்பது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டத்தை, யு.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொன்னால்தான் கிராமத்தில் விளங்கும். அதற்குப் பின் அளவுகள் மீட்டரிலும் ஹெக்டேர், ஏரிலும் வழங்கலாயின. அதற்கு முந்திய படங்கள் சங்கிலியிலும் லிங்கிலும் இருப்பவை. இப்பொழுது சர்க்காரின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துப் பட்டாவையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் புலப்படம் ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. புலத்தின் குறுக்கே கோடு பிடித்து, அக்கோட்டிலிருந்து மூலைகளுக்கும் வளைவுகளுக்கும் செங்குத்தளவு எடுத்து வரைந்த சென்னை மாகாண முறையில் அமைந்தது அது. ஒரு கல்லுக்கும் மறு கல்லுக்கும் உள்ள தூரம் அதில் உண்டு. அக்கல் பூமியில் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பது இல்லை. வடக்குக் குறியும் வழிகாட்டும் அளவிலேயே கொள்ளத்தக்கது. ஆதலால் அதை அப்படியே வரைவு மென்பொருளில் ஏற்றினால், திசையும் இடமும் அற்ற ஓர் உருவமே திரையில் நிற்கும். இதைப் பூமியில் பதிய வைப்பதுதான் வேலையின் உயிர்நிலை. இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள்.

வழக்கத்தில் உள்ள அவசர வழி இதுவாகும்: அச்சிட்ட புலப்படத்தைப் புகைப்படமெடுத்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்து, வேலியும் வரப்பும் ஒத்து வரும்வரை இழுத்தும் சுருக்கியும் திருப்பியும் பொருத்துவது. கணினி எதையும் பொருத்திக் கொடுக்கும். ரப்பர்த் துணியைப் போல் ஒரு மூலையை இழுத்தால் மறுமூலை தானே நீளும். பொருத்தம் கண்ணுக்கு அழகாயிருக்கும். பிழை மட்டும் புலம் முழுவதும் பரவி மறைந்துவிடும். இதில் வேறொரு குறையும் உண்டு. படத்தின் தலைப்பில் 1:1000 அல்லது 1:2000 என்று விகிதம் போட்டிருந்தாலும், காகிதத்திற்குத் தக்கபடி அச்சுப் பொறி சுருக்கியிருந்தால் அவ்விகிதம் பொய்த்துவிடும். கோட்டின் மேல் எழுதியுள்ள எண்ணே மெய். காகிதத்தில் அளவுகோல் வைத்து அளப்பது பயனற்றது.

செய்ய வேண்டிய முறை பின்வருமாறு. முதலில், புலப்படத்தில் எழுதியுள்ள அளவுகளைக் கொண்டே புலத்தை மீட்டரில் புதிதாக வரைதல் வேண்டும். வரைந்தபின் கணினி காட்டும் பரப்பைப் பட்டாவிலும் ‘அ’ பதிவேட்டிலும் கண்ட பரப்போடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். அடுத்து, காட்டில் உறுதியாக நிற்கும் சர்வே கற்கள் குறைந்தது நான்கைக் கண்டுபிடித்து, அவற்றின் தலையில் செயற்கைக்கோள் அளவைக் கருவியை வைத்து இடம் எடுக்கவேண்டும். இரண்டு கற்கள் கணக்குக்குப் போதும். மூன்றாவதும் நான்காவதும் சரிபார்க்க வேண்டியவை. கைப்பேசியில் உள்ள கருவி திறந்த வெளியிலும் நாலைந்து மீட்டர் பிசகக்கூடியது. தென்னைக்கு அடியில் இன்னும் மிகும். எல்லை வேலைக்கு அது உதவாது. நிலைநிறுத்திய மற்றொரு கருவியோடு தொடர்பு கொண்டு சில சென்டிமீட்டர் அளவில் இடம் சொல்லும் கருவியே தேவை. வாடகைக்குக் கொண்டுவந்து அளந்து கொடுப்போர் எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள்.

இவ்விரண்டும் கைக்கு வந்தபின், வரைந்த புலத்தை நகர்த்தவும் திருப்பவும் மட்டும் கணினிக்கு அனுமதி கொடுக்கவேண்டும். நீட்டவும் சுருக்கவும் கூடாது. எடுத்துக்காட்டாக, இரு கற்களுக்கிடையே புலப்படம் 148.6 மீட்டர் என்று சொல்ல, கருவி 148.8 என்று காட்டுமானால் அதைப் பாதகமில்லை என்று கொள்ளலாம். 152 என்று காட்டினால், கல் நகர்ந்திருக்கிறது, அல்லது அது வேறு கல், அல்லது படத்தில் எண் தவறு என்பது நிச்சயம். அவ்விடத்தில் மென்பொருளை மூடிவிட்டு, குறுவட்ட நில அளவருக்கு மனுச் செய்வதே முறை. நீட்டிப் பொருத்திக்கொள்ள அனுமதித்தவருக்கு இந்த மூன்றரை மீட்டர் கண்ணிலேயே பட்டிராது.

தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் தளத்தில் சர்வே எண் கோடுகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் காணலாம். புலம் எந்தத் திசையில், எந்தப் பாதையருகே இருக்கிறது என்று அறிய அது மிகவும் பயன்படுகிறது. எல்லையைத் தீர்மானிக்க அதைக் கொள்ளலாகாது.

கொங்கு நாட்டின் நடுவே ஓடும் ஒரு கோடு

பூமியின் உருண்டையைத் தட்டையான படமாக்குவதற்கு உலகத்தை ஆறு ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரித்து, மீட்டரில் இடம் குறிக்கும் முறை ஒன்று உண்டு, யு.டி.எம். என்பர். வரைவு மென்பொருள்கள் பலவும் மீட்டரில் வேலை செய்வதால் இம்முறையையே விரும்பும். இதில் நம்மவர்க்கென்றே ஒரு சங்கடம் அமைந்திருக்கிறது. 43-ஆவது மண்டலத்தையும் 44-ஆவது மண்டலத்தையும் பிரிக்கும் 78 பாகைத் தீர்க்கரேகை கொங்கு நாட்டின் ஊடே செல்கிறது. கோயமுத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர், காங்கயம், ஈரோடு, திருச்செங்கோடு ஆகியவை 43-இல் அடங்கும். கரூரும் நாமக்கல்லும் சேலமும் 44-இல் அடங்கும். ஈரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கும் வரைவாளர் ஒருவர் வழக்கமான 43-ஐயே வைத்துக்கொண்டு கரூர்க் காட்டுப் படத்தை ஏற்றினால், அக்காடு சரியாக ஆறு பாகை மேற்கே தள்ளி, அரபிக்கடலில், லட்சத்தீவைச் சேர்ந்த அகத்தித் தீவின் பக்கத்தில் போய் விழும். மென்பொருள் சிறிதும் தயங்காமல் கடற்காற்றுக்கும் கடல்மேல் வெயிலுக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றி எழுதுவது மற்றொரு பிழை. கே.எம்.எல். கோப்பில் தீர்க்கரேகை முன்னும் அட்சரேகை பின்னும் வரும். மனிதர் கையால் எழுதும்பொழுது அட்சரேகையை முன்னே எழுதுவது பழக்கம். 11, 77 என்பது 77, 11 என்றானால், கோயமுத்தூர்ப் புலம் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, மாரிக்காலத்தில் சூரியனே எழாத கடலில் நிற்கும். இத்தகைய பெரும் பிழைகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. படத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். காட்டை விட்டுச் சிறிது தூரமே தள்ளி, இதே ஊரில், இதே சாயலுள்ள அடுத்த காட்டின்மேல் விழும் பிழையே குடியைக் கெடுப்பது.

அத்தகையது ஒன்று பழைய தேசப்படங்களினின்று வருவது. 1802-ஆம் வருஷம் ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் அளவை வேலையில், குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே சென்ற நெடிய வில்லின் நிலையங்களில் ஒன்று கொங்கு நாட்டுப் பச்சாபாளையம். அவ்வில்லின் அளவுகளையும் கொண்டு ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணித்த பூமி வடிவமே இந்தியத் தேசப்படங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படையாயிருந்தது. இப்பொழுது செயற்கைக்கோள்கள் வழங்கும் டபிள்யு.ஜி.எஸ். 84 வேறொரு வடிவம். ஒரே கல்லுக்கு இவ்விரண்டிலும் எழுதும் எண்கள் வேறுபடும். நம் பக்கங்களில் அவ்வேறுபாடு தரையில் நூறு மீட்டருக்கும் அதிகம். பழைய தாளிலிருந்து எடுத்த வாய்க்காலையோ ஓடையையோ மாற்றாமல் ஏற்றினால், அது ஓடுமிடத்தில் ஓடாது. ஓடை அடுக்கைப் பார்த்துத்தான் தகடு வைக்கக்கூடாத இடம் ஒதுக்கப்படுகிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ளவேண்டும். மழை பெய்த வருஷத்தில் நீர் பழைய வழியையே தேடி வரும்.

அளவு அலகு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். ஓர் ஏக்கர் பத்துச் சதுரச் சங்கிலி, அதாவது ஒரு லட்சம் சதுர லிங்க். லிங்கில் வரைந்த பழைய புலத்தை மீட்டர் என்று கணினி கொள்ளுமானால் அந்த ஏக்கர் ஒரு லட்சம் சதுர மீட்டராகி, 24.7 ஏக்கராக வீங்கிவிடும். அடியை மீட்டராகக் கொண்டால் பத்தே முக்கால் மடங்கு வீங்கும். ஏற்றியவுடன் பரப்பைப் பட்டாவோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவரிடம் இப்பிழை ஒரு நிமிஷமும் நில்லாது.

உயரமும் சரிவும்

நிலமட்டத்தைக் காட்டும் அடுக்கு பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கும் செயற்கைக்கோள் மட்டக்கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் கொண்டு எடுத்ததும், 2005-ல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 கொண்டு எடுத்ததும் வழக்கத்திலுள்ளவை. இவை 30 மீட்டருக்கு ஒரு கட்டமாக உயரம் சொல்பவை. அப்படியானால் ஓர் ஏக்கருக்கு நாலரைக் கட்டம்தான் கிடைக்கும். நூறு ஏக்கர் மின் நிலையத்திற்கு இடம் தேட இது உதவும். ஐந்து ஏக்கர்க் காட்டில் பாறை எங்கே, பள்ளம் எங்கே என்று இது சொல்லாது. மேலும் இவை தரையையன்றி, தரைமேல் இருப்பதையும் ஓரளவு சேர்த்தே அளப்பவை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் தென்னந்தோப்பு ஒரு மேடாகவும், தோப்புக்கு நடுவேயுள்ள வெற்றுக் காடு ஒரு பள்ளமாகவும் படத்தில் தெரிந்தால் வியப்பதற்கில்லை. அதை நம்பி மண் வெட்டி நிரவக் கணக்குப் போட்டால் செலவு வீண்.

இவ்வடுக்கோடு, கருவி வைத்து எடுத்த உயரங்களைக் கலக்கும்பொழுது ஒரு எச்சரிக்கை தேவை. செயற்கைக்கோள் கருவி சொல்லும் உயரம் பூமியின் கணித வடிவத்தினின்று அளந்தது. தேசப்படத்தின் உயரம் கடல் மட்டத்தினின்று அளந்தது. தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் பெரும் இடைவெளி உண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் அது ஏறக்குறைய 90 மீட்டர். கடல் மட்டத்திற்கு 411 மீட்டர் மேலே உள்ள ஓர் இடத்தைத் திருத்தாத கருவி 320 மீட்டர் அளவில் காட்டும். ஒரு மூலையை ஒரு கணக்கிலும் மறுமூலையை மறு கணக்கிலும் ஏற்றினால் காட்டின் நடுவே 90 மீட்டர்ச் செங்குத்துப் பாறை முளைக்கும்.

மலையோரத்துக் கிராமங்களுக்கு இன்னொரு விஷயம். தொண்டாமுத்தூர், பேரூர்ப் பக்கங்களில் மாலை வெயிலை மேற்கு மலைகள் முன்னதாகவே மறைக்கின்றன. 5 கிலோமீட்டர் தூரத்தில், நிலத்தைவிட 1,000 மீட்டர் உயர்ந்த மலைமுகடு இருக்குமானால் அது அடிவானத்தினின்று 11 பாகைக்கு மேல் எழுந்து நிற்கும். சூரியன் முக்கால் மணிக்கு முன்னரே இறங்கிவிடுவான். காட்டளவுக்கு மட்டும் கத்தரித்த மட்ட அடுக்கை ஏற்றினால் மென்பொருளுக்கு அந்த மலை இருப்பதே தெரியாது. மலை உள்ளிட்ட பரந்த அடுக்கையோ, அடிவானக் கோட்டையோ தனியே கொடுத்தல் வேண்டும்.

நிழல் அடுக்கு

சிறு பண்ணையாளருக்கு மற்றெல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. ஐந்து குதிரைச்சக்திப் பம்புக்கு 4,800 வாட் தகடுகள் போதும். அவை கொள்ளும் பரப்பு ஒரு சென்டுக்கும் குறைவு. அதற்கு மட்டக்கணக்கு வேண்டாம், மண்டலக் கணக்கும் வேண்டாம். கிணற்று மேட்டில் எந்தத் தென்னையின் நிழல் எப்பொழுது விழும் என்று தெரிந்தால் போதும். தகடுகள் ஒரு சரமாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழலும் சரம் முழுவதன் மின்சாரத்தையும் குறைக்கும்.

மரத்தை ஒரு புள்ளியாக மட்டும் ஏற்றினால் நிழல் வராது. அதன் உயரமும் கொண்டையின் அகலமும் கோப்பில் எண்ணாக இருத்தல் வேண்டும். 15 மீட்டர்த் தென்னை ஒன்றின் நிழல் மார்கழி முதல் வாரத்தில் உச்சிவேளையில் ஏறத்தாழ 10 மீட்டர் வடக்கே நீளும். அதே நாளில் உச்சிக்கு நான்கு மணி முன்னே வடமேற்காக 37 மீட்டர் நீளும். கோயமுத்தூரின் அட்சரேகை 11 பாகையாதலால், சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைமேல் நிற்பான்; இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே சாயும். ஆனி மாதத்தில் அது மூன்று மீட்டர் அளவே. ஆகவே தகட்டுக்குத் தெற்கேயும் கிழக்கேயும் மேற்கேயும் நிற்கும் மரங்களை விடாது ஏற்றவேண்டும். வடக்கே நிற்பவற்றை வெட்ட வேண்டிய அவசியம் அரிதாகவே நேரும். படத்தில் வடக்குக் குறி தவறினால் வெட்டப்படும் மரமும் தவறும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியதாதலால் இங்கே சூரிய உச்சி சராசரியாக 22 நிமிஷம் பிந்தியே வருகிறது; கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு நிழல் பார்த்துக் கணக்கோடு ஒப்பிடுவோர் இதைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைத் தூண்களையும் மறக்கலாகாது. 80 மீட்டர்த் தூண் மார்கழி உச்சியில் 55 மீட்டர் வடக்கே நிழல் வீசும்.

வேலியும் இட்டேரியும்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவை உயிர்வேலி உண்டு. செயற்கைக்கோள் படத்தில் அது கரும்பச்சைக் கோடாகத் துலங்கும். எல்லை வரைபவருக்கு அதைப் பின்பற்றிக் கோடு கிழிக்க ஆசை எழும். அவ்வேலி பல தலைமுறையாக இருபுறமும் படர்ந்து மூன்று நான்கு மீட்டர் அகலமாகியிருப்பதுண்டு. அதன் நடுவே சர்வே கோடு போகிறதா, ஓரத்தில் போகிறதா என்பது புலப்படத்தையும் கல்லையும் பார்த்தாலொழியத் தெரியாது. இரு வேலிகளுக்கிடையே ஆடுமாடு செல்லும் இட்டேரி சர்க்கார் நிலமா, பட்டா நிலத்தில் விட்ட வழியா என்பதையும் ‘அ’ பதிவேடே சொல்லும். கணினிக் கோட்டில் இட்டேரியை உள்ளே சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டால், பின்புறத்துக் காட்டுக்காரருக்கு வண்டித்தடம் இல்லாமற்போகும். ஆகையால் இட்டேரி, வாய்க்கால், கோயில் நிலம், மின்கம்பித் தடம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வரைந்து, ‘தகடு வைக்கலாகாத இடம்’ என்று குறித்துக் கொடுத்தல் நிலச்சுவான்தாரின் வேலை. வெளியூர் வரைவாளருக்கு அவை தெரிவதற்கு வழியில்லை.

நில உபயோகத்தைக் காட்டும் அடுக்கு ஒன்றும் சிலர் ஏற்றுவர். வெள்வேல மரங்கள் நின்று, கீழே கொழுக்கட்டைப்புல் வளர்ந்து, காங்கயம் மாடுகளும் செம்மறிகளும் ஆண்டுமுழுதும் மேயும் கொறங்காடு இத்தகைய அடுக்கில் புதர்த்தரிசு என்று விழக்கூடும். தரிசு என்று குறித்த நிலத்திற்குப் பேசும் குத்தகையும், மேய்ச்சல் வருமானமுள்ள நிலத்திற்குப் பேசும் குத்தகையும் ஒன்றாகா. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர் வேண்டியிருக்கும் என்பது பொதுவழக்கு. அந்த ஐந்து ஏக்கர் எந்த மந்தையின் மேய்ச்சல் என்பதை எந்த அடுக்கும் காட்டாது.

பத்திரத்திற்கு முன்

குத்தகை பேசும் கம்பெனியாரிடம் படத்தைக் காகிதத்தில் மட்டும் பெறுவது போதாது. கோப்பாகவே கேட்டுப் பெறவேண்டும். பெற்றதைக் கியூ.ஜி.ஐ.எஸ்.-ஸில் திறந்து, கல்லில் எடுத்த இடங்களோடு ஒத்துப் பார்க்கவேண்டும். குத்தகைப் பத்திரத்தில் ‘இணைத்துள்ள படத்தில் கண்ட நிலம்’ என்று மட்டும் எழுத இசையலாகாது. சர்வே எண், உட்பிரிவு எண், பட்டாப்படிப் பரப்பு, ஒவ்வொரு மூலையின் அட்சரேகை தீர்க்கரேகை, அவை எழுதப்பட்ட அளவு முறையின் பெயர், மண்டல எண், அளந்த தேதி ஆகியவை அட்டவணையாகப் பத்திரத்திலேயே ஏறவேண்டும். படத்துக்கும் கல்லுக்கும் வேறுபாடு நேர்ந்தால் கல்லும் புலப்படமுமே செல்லும் என்ற வாசகமும் இருத்தல் நலம். துணை மின் நிலையத்திற்கு இத்தனை கிலோமீட்டர் என்று படத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரம். கம்பி நேர்கோட்டில் போவதில்லை. அது யார் காட்டின்மேல் போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. கம்பெனியார் கொண்டுவரும் வண்ணப்படத்தின் ஓரத்தில் கையொப்பமும் முத்திரையும் கேட்கப்படும். அப்படம் எந்தப் புலப்படத்தை ஆதாரமாகக் கொண்டது, எந்தக் கற்கள் அளக்கப்பட்டன என்று எழுதியிராவிடில் அதில் முத்திரை இடாது, பதிவேட்டில் உள்ளபடி பரப்பையும் வகைப்பாட்டையும் தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதே தகும். யு.டி.ஆர். காலத்துப் பதிவில் பரப்போ பெயரோ பிசகியிருப்பதாகப் பட்டாதாரர் சொன்னால், அத்திருத்தம் வருவாய் அதிகாரிகளிடம் மனுவால் முடியவேண்டியது. கணினிப் படத்தில் கோட்டைத் திருத்தி முடியாது. கல் காணாமற்போன புலத்தில், அளவரின் கல் நடும்வரை எந்த வரைவும் தற்காலிகமென்று படத்தின்மேலேயே எழுதச் செய்யலாம்.

சரிபார்த்த கே.எம்.எல். கோப்பையும், நில அளவரின் ரசீதையும், கற்களின் புகைப்படங்களையும் வீட்டில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்க. கோப்பின் பெயரில் கிராமமும் சர்வே எண்ணும் தேதியும் இருக்கட்டும். கம்பெனியார் படத்தை மாற்றி அனுப்பும்பொழுதெல்லாம் புதியதைப் பழையதன்மேல் அழித்து எழுதாமல், வேறு பெயரில் வைத்துக்கொண்டு, இரண்டையும் அடுக்கிப் பார்த்து, எந்தக் கோடு நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று எழுத்தில் கேட்டு விடை பெறுக.